ரீவாவின் அறுபத்தாறாம் வருஷத்து வண்டி

ரீவா முதல் புருஷனை விவாகரத்து செய்தபோது வீட்டைக் கேட்கவில்லை. "வீட்டை அவரே வெச்சுக்கட்டும், வண்டி எனக்கு வேணும்" என்று நீதிபதியிடம் சொன்னாள். வைட்ஸ்பர்க் என்ற அந்த மலையூரே அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. அறுபத்தாறாம் வருஷத்தில் வெளிவந்த இரண்டு கதவு மசில் கார், வேகத்துக்கென்றே செய்த வண்டி அது. கரும்பச்சை நிறம், எட்டு சிலிண்டர் இன்ஜின், கையால் மாற்றும் நாலு கியர். காலையில் அவள் அதைக் கிளப்பினால் தெருமுனையில் படுத்திருக்கும் நாய் எழுந்து இடம் மாறிப் படுக்கும்.

அவளை இரண்டாவதாகக் கட்டிக்கொண்ட ஹோபர்ட் ஸ்டில்ட்னருக்கு ரீவாவிடம் பிடிக்காதது என்று எதுவும் கிடையாது, அந்த வண்டியைத் தவிர. மாவட்டச் சாலைத் துறையில் அவன் டிரைவர். குளிர்காலம் முழுக்கப் பைன் மலைச் சாலையில் பனி தள்ளும் லாரியை ஓட்டுகிறவன். வண்டி என்றால் அவனுக்கும் உயிர்தான். ஆனால் இந்த வண்டியின் பானெட்டைத் திறந்தால் இன்ஜின் முழுக்க எஸ்டில் அடித்த ஆரஞ்சு பெயிண்ட் பளபளக்கும். எஸ்டில்தான் அந்த முதல் புருஷன். மலைக்கு அந்தப் பக்கம் கம்பர்லாந்தில் மெக்கானிக் ஷெட் வைத்திருந்தான். அந்த இன்ஜினைக் கடைசித் திருகு வரை கழற்றி மறுபடி பூட்டியவன் அவன்தான்.

அந்த இலையுதிர் காலத்தில் வண்டி தகராறு செய்ய ஆரம்பித்தது. முதலில் ஹீட்டர் போயிற்று. ஆஸ்பத்திரி லேபில் வேலை முடிந்து வரும்போது இரண்டு தடவை மழையில் நடுரோட்டில் நின்றுவிட்டது. மூன்று மாதமாகச் சாப்பாட்டு மேஜையில் இதே பேச்சுதான். இதையே புதுப்பிப்பதா, விற்றுவிட்டுப் புதுசு வாங்குவதா? பழைய கார்புரேட்டரைத் தூக்கிப் போட்டுவிட்டு ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வைக்கலாம், ஐந்து கியர் பெட்டி போடலாம், பவர் கூட்டலாம் என்று ரீவா ஆசை ஆசையாகச் சொல்வாள். அதே கம்பெனியின் இந்த வருஷத்து மாடல் அதைவிட வேகம், ஏர்பேக் உண்டு, சீட்டே சூடாகும் என்று ஹோபர்ட் சொல்வான். பீன்ஸும் சோளரொட்டியும் ஆறிப்போகும்.

ஒருநாள் பைக்வில் ஊர் ஷோரூமுக்கு அவளை இழுத்துக்கொண்டு போய்ப் புதிய சிவப்பு வண்டியை ஓட்டிப் பார்க்க வைத்தான்.

"எப்படி இருக்கு?" என்று கேட்டான்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா ஸ்டியரிங்க கெட்டியாப் பிடின்னு எனக்கே சொல்லுது. பிடிச்சுக்கிட்டுத்தானே இருக்கேன்? நாத்தனாரைப் பக்கத்துல உக்கார வெச்சு ஓட்டுற மாதிரி இருக்கு."

"கால்முட்டி வலிக்காதுல்ல? கிளட்ச்சே கிடையாது."

அவள் முட்டியைத் தடவிக்கொண்டாள். ஐம்பத்தொரு வயது முட்டி, அந்தப் பழைய கிளட்ச்சை மிதித்து மிதித்துத் தேய்ந்திருந்தது. பாதி மனசு வந்துவிட்டது என்று ஹோபர்ட் கணக்குப் போட்டான். ஷோரூம்காரனும் நெருக்கினான். லெக்சிங்டனிலிருந்து ஒருவர் அதே சிவப்பைக் கேட்கிறார், திங்கட்கிழமை சாயங்காலத்துக்குள் பழைய வண்டியோடு வந்தால் மாற்றிக்கொள்ளலாம், இல்லையென்றால் அவருக்கு என்று சொல்லிவிட்டான்.

சனிக்கிழமை காலையில் ரீவா காபியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: "விக்கிறதுக்கு முன்னாடி எஸ்டில் ஒரு தடவை பாக்கட்டும். புதுப்பிக்கலாமா, வேஸ்ட்டான்னு அவன் ஒருத்தன்தான் பூசி மெழுகாம சொல்லுவான்."

ஹோபர்ட் கடித்த ரொட்டியைத் தட்டில் வைத்தான். வேண்டாம் என்று சொன்னால் பொறாமை என்பாள். "சரி, நானும் வரேன்" என்றான்.

எஸ்டில் பெரிய ஆள். தாடி, எண்ணெய்க்கறைத் தொப்பி, அவசரமே இல்லாத நடை. ஹோபர்ட்டைவிட மூன்று வயதுதான் மூத்தவன், ஆனாலும் "வா ரீவா. தம்பி, நீயும் வா" என்றுதான் வரவேற்றான். அந்தத் தம்பியில் ஹோபர்ட்டின் முகம் சுண்டியது.

வண்டியை லிஃப்டில் ஏற்றினார்கள். எஸ்டில் பானெட்டைத் திறக்கவே இல்லை.

"இன்ஜினப் பாக்கலியா?" என்றான் ஹோபர்ட்.

"அது எனக்குத் தெரியும்."

டார்ச்சை அடித்தபடி வண்டிக்கு அடியில் மெதுவாக நடந்தான். அடிச்சட்டத்தைச் சுத்தியலால் தட்டிக் காது கொடுத்துக் கேட்டான். பின்பக்க இடது சக்கரத்தைக் கழற்றி உள்ளே விரலை விட்டான். விரல் ஈரமாக வந்தது. முகர்ந்து பார்த்துவிட்டுச் சட்டையில் துடைத்தான்.

"பிரேக் ஆயில். உள்ள கசியுது. ரீவா, மிதிக்கும்போது பெடல் கொஞ்சம் கீழ போகுதா?"

"ஒரு வாரமா. குளிர்னு நெனச்சேன்."

"குளிர் இல்ல. நாலு சக்கரத்துக்கும் சேத்து இதுல ஒரே ஆயில் டப்பா, ஒரே லைன். இப்ப வர்ற வண்டில ரெண்டு இருக்கும், ஒண்ணு போனா இன்னொண்ணு காப்பாத்தும். இதுல ஒரு இடத்துல விட்டுச்சுன்னா நாலும் போச்சு. வண்டிய இங்க விட்டுட்டுப் போங்க. சாமான் செவ்வாக்கிழமை வந்துடும். என்னோட பிக்கப் வண்டிய எடுத்துக்கங்க."

செவ்வாய்க்கிழமை. அதற்குள் சிவப்பு வண்டி லெக்சிங்டன் போய்ச் சேர்ந்திருக்கும். ஹோபர்ட்டின் மனசு அதற்கும் மேலே ஓடியது. வண்டி இங்கே நின்றால் ரீவா இங்கே வருவாள். பிரேக் முடிந்தால் கியர்ப்பெட்டி, அது முடிந்தால் ஹீட்டர். கிறிஸ்துமஸ் வரைக்கும் இழுக்கலாம்.

"நல்ல வித்தைதான். வண்டியப் பிடிச்சு வெச்சுக்கிட்டா ஆளும் தானா வந்துடும்" என்றான்.

எஸ்டில் கோபப்படவில்லை. "அவ வரணும்னு நெனச்சிருந்தா பத்து வருஷம் முன்னாடியே ஒழுக விட்டிருப்பேன் தம்பி."

"ஹோபி, விட்டுட்டுப் போலாம்" என்றாள் ரீவா.

"மலை ஏறி இறங்கித்தானே வந்தோம்? நின்னுச்சா, நிக்கலியா? இருபது வருஷமா அந்த ரோட்டுல பனி தள்றேன். மலையப் பத்தி எனக்கு இவன் சொல்லணுமா?"

"மலையப் பத்தி அவன் ஒண்ணும் சொல்லலியே. பிரேக்கப் பத்திச் சொன்னான்."

"சக்கரத்த மாட்டிக் கீழ இறக்கு" என்றான் ஹோபர்ட் எஸ்டிலிடம்.

எஸ்டில் ரீவாவைப் பார்த்தான். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டாள். இந்த மனுஷன் வீம்புக்கு வந்துவிட்டால் வானம் இடிந்தாலும் இறங்க மாட்டான் என்பது அவளுக்குத் தெரியும். எஸ்டில் டப்பாவில் ஆயில் ஊற்றினான், பிரேக் லைனிலிருந்து காற்றை எடுத்தான், சக்கரத்தை மாட்டினான். "முடிஞ்சதப் பண்ணிருக்கேன். நம்பாத" என்றான்.

ஹோபர்ட் ஏறி உட்கார்ந்து பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டான். ரீவா ஏறவில்லை.

"நான் அதுல வரல."

"சரி, நில்லு. இங்கயே நில்லு."

"நான் பின்னாலயே வரேன்" என்று எஸ்டில் தன் லாரியை நோக்கி நடந்தான். பழுதான வண்டிகளை இழுக்கிற கனமான லாரி அது. ரீவா அவனுக்குப் பின்னால் போய் அதில் ஏறிக்கொண்டாள்.

கண்ணாடியில் அதைப் பார்த்ததும் ஹோபர்ட்டின் காது சுட்டது. ஆக்சிலரேட்டரை அழுத்தினான். எட்டு சிலிண்டரும் உறுமிக்கொண்டு மலை ஏறின. தன்னையறியாமல் அவனுக்கே அந்த உறுமல் பிடித்திருந்தது. அதனால் இன்னும் எரிச்சல் வந்தது. லாரி பின்தங்கி, வளைவுகளில் மறைந்து மறைந்து தெரிந்தது.

உச்சியில் வண்டிகளை ஓரங்கட்ட ஒரு இடம் உண்டு. அங்கே நிறுத்தி ஒருதரம் பெடலை மிதித்துப் பார்த்திருக்கலாம். நிறுத்தினால் லாரி வந்து சேரும், இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து தன்னைப் பார்ப்பார்கள். நிறுத்தாமல் இறங்கினான்.

முதல் வளைவில் பிரேக் பிடித்தது. இரண்டாவதிலும் பிடித்தது. "பாத்தியா" என்று காலியான பக்கத்து சீட்டைப் பார்த்துச் சொன்னான். மூன்றாவது வளைவில் பெடல் பாதி வரை போய்த்தான் பிடித்தது. நாலாவதில் காலுக்கடியில் ஏதோ அறுந்த மாதிரி இருந்தது. பெடல் தரையைத் தொட்டுவிட்டது.

மிதித்தான், எடுத்தான், மிதித்தான். தண்ணீரில் கால் வைத்த மாதிரி இருந்தது. வண்டி வளைவை அகலமாகச் சுற்றி எதிர்த்தடத்துக்குள் போய்த் திரும்பி வந்தது. ஹேண்ட் பிரேக்கை இழுத்தான். எங்கோ இரும்பு உரசும் சத்தம் மட்டும் வந்தது. மூன்றாவது கியருக்கு மாற்றினான், இரண்டாவதில் தள்ளினான். இன்ஜின் அலறியது, வண்டி ஒரு குலுக்கு குலுக்கி வேகம் குறைந்தது. ஆனால் சரிவு விடவில்லை.

அவனுக்கு அந்த ரோட்டில் ஒவ்வொரு குழியும் தெரியும். அன்றைக்கு அந்த அறிவே அவனை வதைத்தது. வலது பக்கம் தகரத் தடுப்பு, அது பனி லாரியின் பிளேடு உரசினாலே வளைந்துவிடும். அதற்கு அப்பால் மரங்களின் உச்சிகள்தான். இடது பக்கம் பாறைச் சுவர், உரசி நிறுத்தலாம். ஆனால் சுவருக்கு முன்னால் காங்கிரீட் வாய்க்கால் இருக்கிறது, சக்கரம் விழுந்தால் வண்டி குப்புறப் புரளும். இந்த நேர்ச்சாலை முடிந்ததும் வருவது குதிரைலாட வளைவு. நல்ல பிரேக் உள்ள வண்டியே அங்கே ஊர்ந்துதான் திரும்பும். இடுப்பில் ஒரு பட்டை பெல்ட், அதற்கு மேல் நெஞ்சுக்கு நேராக இரும்பு ஸ்டியரிங். இதுதான் அவனுக்கு இருந்த பாதுகாப்பு.

ஹார்னை அழுத்திப் பிடித்தான். எதிரே யாராவது வந்தால் ஒதுங்கட்டும்.

அப்போது பின்னாலிருந்து வேறொரு ஹார்ன் கேட்டது. கண்ணாடியில் லாரியின் முகம் பெரிசாகிக்கொண்டே வந்தது. பைத்தியக்காரன், இவனும் ஏன் இந்த வேகத்தில் வருகிறான் என்று ஹோபர்ட் நினைத்தான். லாரி எதிர்த்தடத்தில் ஏறியது. கீழே வளைவுக்கு அப்பாலிருந்து எதிரே ஒரு வண்டி வந்தால் மூன்றும் சேர்ந்து நொறுங்கும்.

லாரி பக்கத்தில் வந்தது. ஜன்னலில் ரீவாவின் முகம், கை நீட்டினால் தொடும் தூரத்தில். வெளுத்துப்போயிருந்தாள். அழவில்லை. ஒரு உள்ளங்கையை இன்னொன்றின் பின்னால் வைத்து மோதிக் காட்டினாள். மறுபடியும் காட்டினாள். லாரியின் பின்புறத்தில் முட்டி நில் என்கிறாள் என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. தலையை ஆட்டினான்.

லாரி முந்திக்கொண்டு அவனுக்கு முன்னால் வந்து நுழைந்தது. ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து லாரியின் நடுமுதுகுக்கு நேராக வைத்தான். லாரியின் பின்விளக்குகள் சிவந்தன. முதல் மோதலில் பச்சை மூக்கு வழுக்கி வலது பக்கம் ஒதுங்கியது. தடுப்பின் தகரம் கதவைக் கிழித்துக்கொண்டு போனது. இழுத்துத் திருப்பினான். இரண்டாவது மோதலில் பானெட் மடங்கிக் கூடாரம் மாதிரி எழுந்து கண்ணை மறைத்தது. அதற்குப் பிறகு அவன் எதையும் பார்க்கவில்லை. நெஞ்சு ஸ்டியரிங்கில் போய் அடித்தது. டயர் கருகும் நாற்றம், இரும்பின் கதறல், ஒரு நீண்ட இழுவை.

பிறகு சத்தமே இல்லை. ரேடியேட்டரிலிருந்து ஆவி மட்டும் சீறிக்கொண்டிருந்தது.

கதவைப் பிடித்துக்கொண்டு இறங்கினான். லாரிக்கு முன்னால் வளைவின் எச்சரிக்கைப் பலகை நின்றது. எஸ்டில் இறங்கி வந்தான். ஹோபர்ட்டைப் பார்க்கவில்லை. ஓரத்திலிருந்து இரண்டு பெரிய கல்லைத் தூக்கி வந்து பச்சை வண்டியின் சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்தான். கல் ஒருதரம் நழுவியது.

நான்தான் சொன்னேனே என்று எஸ்டில் சொல்வான் என ஹோபர்ட் காத்திருந்தான். சொல்லியிருந்தால் பதிலுக்கு ஏதாவது பேசியிருக்கலாம். எஸ்டில் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "மூச்சு விட்டா வலிக்குதா?" என்று மட்டும் கேட்டான்.

"வலிக்குது."

"விலா எலும்பு. உக்காரு."

ரீவா வந்தாள். வண்டிக்குள் குனிந்து சாவியைப் பிடுங்கித் தன் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள். பிறகு ஹோபர்ட்டின் முன்னால் வந்து நின்றாள்.

"அவன் வேணாம்னு சொன்னதுக்காகத்தானே எடுத்துட்டுப் போன?"

அவன் மடங்கிய பானெட்டைப் பார்த்தான்.

"பிரேக் விளக்கு எரிஞ்சு எரிஞ்சு அணையுது, வண்டி நிக்கல. நான்தான் முதல்ல பாத்தேன். அந்த லாரில உக்காந்து, என் புருஷனும் என் வண்டியும் ஒண்ணாப் போறதப் பாத்தேன் ஹோபி. ரெண்டுல எதுக்காக அலறினேன்னு என்னைக் கேக்காத. எனக்கே தெரியாது."

அப்படிச் சொல்லிவிட்டு ரோட்டோரத்தில் போய் வாந்தி எடுத்தாள். இரண்டு ஆண்களும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

கொஞ்ச நேரம் கழித்து ஹோபர்ட் கேட்டான்: "அங்க லிஃப்டுல பாத்தியே, என்ன சொல்லலாம்னு இருந்த? புதுப்பிக்கவா, விக்கவா?"

"வித்துடுன்னுதான்" என்றான் எஸ்டில். "அவளுக்கு முட்டி வலி, நித்தம் மலைரோட்டுல போய்வர்ற வேலை. அடிச்சட்டம் நல்லாருக்கு, நல்ல விலை போகும், புதுசு வாங்கிக்கன்னு சொல்லலாம்னு இருந்தேன். நீ எங்க சொல்ல விட்ட?"

ஹோபர்ட்டுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் விலா வலித்தது.

ரீவா வேலை செய்யும் ஆஸ்பத்திரியிலேயே கட்டுப் போட்டார்கள். இரண்டு எலும்பில் விரிசல். திங்கட்கிழமை ஷோரூமிலிருந்து போன் வந்தபோது ரீவா எடுக்கவில்லை. ஹோபர்ட் நாற்காலியில் சாய்ந்தபடியே சொன்னான்: "எடு. பழசுக்கு ஒண்ணும் தேறாட்டியும் பரவால்ல. இப்பச் சொல்றது வீம்பு இல்ல. நான் அதுக்குள்ள இருந்தவன். எடுத்து வாங்குறேன்னு சொல்லு."

போன் அடித்து ஓய்ந்தது.

"பயத்துல ஒரு வண்டி வாங்க மாட்டேன்" என்றாள் அவள். "உனக்குப் பயம், அதனால வாங்கச் சொல்ற. முன்னாடி எஸ்டில் மேல எரிச்சல், அதனால வாங்கச் சொன்ன. எனக்காக ஒரு தடவையாவது சொன்னியா?"

"முட்டி..."

"முட்டி என்னுது. யோசிச்சுப் பாத்தேன். மூணு மாசமா அதை இன்னும் வேகமா ஓட வைக்கறதப் பத்தியே பேசினேன், நானும் முட்டாள்தான். ஓடறதுக்கு அதுக்கு ஒரு குறையும் இல்ல. நிக்கத்தான் தெரியல. இன்ஜின்ல யாரும் கை வைக்க வேணாம். நாலு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக், ரெண்டு லைன், தோளுக்கு மேல வர்ற பெல்ட், லேசான கிளட்ச். அவ்வளவுதான். அதுக்கப்புறமும் முட்டி வலிச்சா நானே விக்கிறேன்."

"எஸ்டில்தான் பண்ணணுமா?" என்றான்.

"எஸ்டில்தான் பண்ணணும். ஆனா நான் போகப் போறதில்ல. நீதான உடைச்ச? சனிக்கிழமை சனிக்கிழமை நீ போ. போய்ப் பக்கத்துல நின்னு ஸ்பானர் எடுத்துக் குடு."

எலும்பு கூடியதும் ஹோபர்ட் போனான். முதல் இரண்டு வாரம் ஷெட்டில் சுத்தியல் சத்தம் தவிர வேறு பேச்சில்லை. மூன்றாவது வாரம் மடங்கிய பானெட்டை இரண்டு பேருமாக நிமிர்த்தும்போது எஸ்டில், "எங்கிட்ட இருந்தப்பவும் அவ நான் சொல்றதைக் கேட்டது கிடையாது" என்றான். "இப்பவும் அப்படித்தான்" என்றான் ஹோபர்ட். அதற்குமேல் நட்பு என்று சொல்ல ஒன்றுமில்லை. தம்பி என்று கூப்பிடுவதை எஸ்டில் விடவில்லை. ஹோபர்ட் முகம் சுண்டுவதை மட்டும் விட்டுவிட்டான்.

கம்பர்லாந்துக்கு அவன் மலைச் சாலையில் போகவில்லை. சுற்றிக்கொண்டு பள்ளத்தாக்கு வழியாகப் போனான். ஆபீசிலும் அந்தக் குளிர்காலம் பூராவும் மலைப் பாதைக்குப் பதில் ஆற்றோரப் பாதையைக் கேட்டு வாங்கிக்கொண்டான். விலா வலி என்று காரணம் சொன்னான். ரீவாவுக்குத் தெரியும்.

ஏப்ரலில் வண்டி தயாராயிற்று. ரீவாவே வந்து எடுத்தாள். கிளட்ச்சை மிதித்துப் பார்த்து, "வெண்ணெய் மாதிரி இருக்கு" என்றாள். ஹோபர்ட் பக்கத்தில் உட்கார்ந்து தோள் பெல்ட்டை மாட்டினான். பள்ளத்தாக்கு வழியாகப் போகலாம் என்று சொல்ல வாய் வந்தது. அவள் அதற்குள் மலைப் பக்கம் திருப்பிவிட்டாள்.

ஏறும்வரை ஒன்றுமில்லை. உச்சி தாண்டி மூக்கு கீழே சாய்ந்ததும் அவன் வலது கால் இல்லாத பிரேக்கைத் தேடி மிதித்தது. முதல் வளைவு, இரண்டாவது, மூன்றாவது. நேர்ச்சாலை வந்தது. தடுப்பில் பச்சைப் பெயிண்ட் இன்னும் ஒட்டியிருந்தது. அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

ரீவா கண்ணாடியில் பின்னால் யாருமில்லை என்று பார்த்துக்கொண்டு பிரேக்கை ஓங்கி மிதித்தாள்.

பெல்ட் அவனை இறுக்கிப் பிடித்தது. வண்டி ரோட்டோடு ஒட்டி அப்படியே நின்றுவிட்டது. குதிரைலாட வளைவு இன்னும் நல்ல தூரத்தில் இருந்தது.

"சொல்லிட்டுப் போடக் கூடாதா?" என்றான், மூச்சு திரும்பியதும்.

"மலை சொல்லிட்டா வருது?"

அவன் நெஞ்சைத் தடவிக்கொண்டான். பிறகு, "இடது பக்கம் லேசா இழுக்குது" என்றான்.

"சனிக்கிழமை எஸ்டில்கிட்டச் சொல்லு."

"அவன் எதுக்கு? முன்சக்கர வேலை நான் பண்ணது. நானே பாத்துக்கறேன்" என்றான் ஹோபர்ட். ரீவா கியரைப் போட்டு மெதுவாக வளைவை நோக்கி இறங்கினாள்.